ஆறாம் நம்பர் சேரின் ஈரம்

இதைச் சொன்னால், "உனக்கு அன்னிக்குக் காய்ச்சல் இருந்திருக்கும்" என்கிறார்கள். காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. இருட்டுகூட இல்லை. நடந்தது பட்டப்பகலில், மத்தியானம் ஒன்று இருபத்தேழுக்கு, அத்தனை விளக்கும் எரிந்துகொண்டிருந்த அறையில். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் ஒரு டயாலிசிஸ் சென்டரில் துப்புரவு வேலை பார்த்தேன். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரம் மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் சாய்வு சேரில் படுத்து, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிற இடம். மொத்தம் எட்டு சேர். காலையில் எட்டுப் பேர் எழுந்து போனதும், அதே சேர்களில் மத்தியான எட்டுப் பேர் படுப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நான்.

வேலை சுலபம்தான். முதலில் சோப்புத் தண்ணியால் துடைக்க வேண்டும். பிறகு கிருமிநாசினி. அதைப் போட்டு பத்து நிமிஷம் ஈரமாகவே விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷம்தான் உயிர். அதற்கு முன்னால் ஒத்தி எடுத்தால், போவது அழுக்குதான், கிருமி போகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி ரத்தம் போதும், ஒருத்தர் வியாதி இன்னொருத்தருக்குப் போய்விடும். சேர்ந்த அன்று நர்ஸ் இதை எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

பிறகு மேனேஜர் நடுவில் இருந்த நாற்பது நிமிஷத்தை இருபதாகக் குறைத்தார்.

"எட்டு சேர் சார். ஒரே ஆள். பத்து நிமிஷம் எப்படி ஊற விடுறது?" என்று கேட்டேன்.

"உடனே காஞ்ச துணியால ஒத்து. வாசனை அடிச்சா சுத்தம்னு நம்பிடுவாங்க."

"சார்ட்ல பத்து நிமிஷம்னு இருக்கே?"

"டிக் போடத் தெரியும்ல?"

தெரியும். போட்டேன். தினமும் எட்டு டிக். கை கூசியது முதல் வாரம் மட்டும்தான்.

ஆறாம் சேரில் ஒரு கணக்கு வாத்தியார் படுப்பார், ரிட்டயர் ஆனவர். கிருமிநாசினி பாட்டிலில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட வாசித்தவர். சேர் ஈரமாக இருந்தால் சுவரில் சாய்ந்து நிற்பார், கால் நடுங்கும். "அம்மாடி, ஏழு நிமிஷம்தான் ஆயிருக்கு. இன்னும் மூணு பாக்கி." மேனேஜர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார். வாத்தியார் சட்டை செய்ய மாட்டார்.

போகப் போக அவர் கண் மங்கிவிட்டது. கடிகாரம் தெரியவில்லை. அதனால் என்னைக் கேட்க ஆரம்பித்தார்.

"ஆச்சா, அம்மாடி?"

"ஆச்சு சார்" என்றேன். ஆனது இரண்டு நிமிஷம்.

அவர் நம்பி உட்கார்ந்தார். அப்படி எத்தனை நாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஏற்கெனவே தளர்ந்திருந்த உடம்பு. மஞ்சள் காமாலை வைரஸ் ஒட்டியது. தனி அறைக்கு மாற்றினார்கள். ஈரல் வீங்கி ஐந்தாவது மாதம் போய்விட்டார். எங்கிருந்து ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. சார்ட்டில்தான் எல்லா டிக்கும் ஒழுங்காக இருந்ததே.

அந்தச் சமயத்தில்தான் என் அண்ணனுக்கும் சிறுநீரகம் நின்றுபோனது. எங்கேயும் இடம் இல்லை. கடைசியில் கிடைத்தது. எங்கள் சென்டரில். ஆறாம் சேர்.

அண்ணன் முதன்முதலாக வர வேண்டிய நாள் அன்று. காலைக் கூட்டம் போய்விட்டது. நர்ஸ் சாப்பிடப் போயிருந்தார். அறையில் நான் மட்டும்.

1.27. எட்டு சேரும் துடைத்து, ஒத்தி எடுத்து முடித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆறாம் சேர் ஈரம்.

மறந்துவிட்டோம் போல என்று மறுபடி ஒத்தினேன். நன்றாகக் காய்ந்தது. வாளியை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்திருப்பேன்...

சளக்.

ஈரத் துணியை உதறுகிற சத்தம். என் துணி என் கையில் இருந்தது.

திரும்பினேன். சேர் முழுக்க ஈரம். தலை வைக்கும் இடம், கை வைக்கும் இடம், அடியில் இருக்கும் சக்கரம் வரைக்கும். நான் ஒரு நாளும் சக்கரத்தைத் துடைத்ததில்லை.

மேலே பார்த்தேன். ஏ.சி. ஒழுகவில்லை. கூரை காய்ந்திருந்தது.

1.31. கிருமிநாசினி வாசனை மூக்கைப் பிய்த்தது. என் வாளியில் இருந்தது நாலு பங்கு தண்ணி கலந்தது. அதற்கு இந்தக் காரம் கிடையாது.

நான் நகரவில்லை.

1.33. சேரின் கைப்பிடியில் பிரஷர் பார்க்கிற பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அது தானாக உப்பியது.

விர்ர்ர்ர்...

கை இல்லாமல் உப்பினால் மெஷின் கத்தும். கத்தவில்லை.

மெதுவாகக் காற்று இறங்கியது. திரையில் எண் வந்தது. 92... 58... நாடி, 64.

வெறும் சேர்.

நாடி, 64.

1.35. எனக்குப் பின்னால், சுவரோரம், யாரோ மூச்சு வாங்கினார்கள். நிற்க முடியாதவர்கள் வாங்குகிற மூச்சு.

"ஆச்சா?"

ஒரே வார்த்தை.

நான் திரும்பவில்லை.

"ஆகலை..." என்றேன். உதடு மட்டும் அசைந்தது.

மூச்சு நின்றது.

1.41. கதவு திறந்தது.

நர்ஸ் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்தார். நேராக ஆறாம் சேரைப் பார்த்து நடந்தார். நான் ஓடிப்போய் குறுக்கே நின்றேன்.

"இதுல வேண்டாண்ணே."

"ஏன் பாப்பா?" எனக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

"ஏ.சி. நேரா மூஞ்சில அடிக்கும். ரெண்டாம் சேர் நல்லாயிருக்கும்."

பின்னாலேயே வந்த ரெண்டாம் சேர்க்காரர் ஒரு தையல்காரர், வாயில்லாப் பூச்சி. "எனக்கென்னம்மா, எங்க படுத்தாலும் ஊசிதான" என்று ஆறாம் சேருக்கு மாறிக்கொண்டார். அதே ஏற்பாடு அப்படியே நிலைத்தது.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேய்க்குப் பயம்னா நாளையிலேர்ந்து வராத." வந்தேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. நாலு நாள் பயத்தில் பத்து நிமிஷம் ஊற விட்டேன். அஞ்சாம் நாள் வெளியே காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள், மேனேஜர் அதைவிடச் சத்தம் போட்டார். பழையபடி ஒத்தி எடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் சேரையும்தான். என் கூடப்பிறந்தவர் சேரையும் அப்படித்தான் துடைத்தேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் சேர் பக்கம் மட்டும் நான் போகவே இல்லை. துணியைக்கூட நீட்டவில்லை. அது எப்படி நாறினாலும் நாறட்டும் என்று விட்டேன். டிக் மட்டும் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வந்தது. மத்தியானக் கூட்டத்தில் நாலு பேருக்கு அந்த வைரஸ். நர்ஸ் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டாவது வரியில் அண்ணன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தனி அறைக்குப் போகும்போது ஒன்றுதான் கேட்டார்.

"அன்னிக்கு என்னை ஏன் பாப்பா மாத்துன?"

மறுநாளே வேலையை விட்டேன். என் துணியையும் செருப்பையும் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தையல்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். ஓட முடியாத மனுஷன். மூச்சு வாங்கியது. அவர் கையிலும் பரிசோதனைத் தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கேனாம்." என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எல்லாம் உன் கைதான். நான் படுக்கப் போறப்பெல்லாம் சேர் ஈரம் காயாம ஜில்லுனு இருக்கும். சக்கரத்தைக்கூட விடாம துடைச்சிருப்பியே... ஒவ்வொரு தடவையும்."

நான் கையை உருவிக்கொண்டேன்.

அந்தச் சேரை நான் தொட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அங்கே துப்புரவுக்கு வேறு ஆளே கிடையாது.