குரும்பகரத்தில் அதே பெயர்

குரும்பகரம் போக என்னிடம் லிஃப்ட் கேட்டவர், கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுபவர். நகக்கண்களில் கரி இருந்தது. ஏறுமுன் என் பைக்கின் இரண்டு டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

வழியில் சொன்னார். போன மாதம் மாரடைப்பில் விழுந்தபோது எமனின் ஆட்கள் அவரை இழுத்துப் போனார்களாம். ஆள் மாறிவிட்டது, இதே பெயரில் குரும்பகரத்தில் இருப்பவன்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்களாம். அந்த ஆளைத் தேடித்தான் இந்தப் பயணம்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“மூளைக்கு ரத்தம் கொறஞ்சா, சின்ன வயசுல கேட்ட கதையெல்லாம் கண்ணு முன்னாடி வரும்னாருங்க. சரியாத்தான் இருக்கும். ஆனா எந்தக் கதையில குரும்பகரம் வருது?”

குரும்பகரத்தில் விசாரித்தோம். அந்தப் பெயரில் ஊரில் ஒருவர்தான் இருந்தார். வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

“அப்ப என்னைப் புடிச்சுக் குடுக்க வந்தீங்களா?”

“அவங்க வர்றதுக்குள்ள ஆஸ்பத்திரியில உங்க நெஞ்சக் காட்டிடலாம்னு வந்தேன். வாங்க.”

“வேலை கெடக்குங்க.”

“முடிச்சிட்டே வாங்க. இருக்கேன்.”

லாரிக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அந்த மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வாய்க்காலில் கால் கழுவி, தன் மொபெட்டைக் கிளப்பினார். இருவரும் காரைக்கால் பக்கம் போனார்கள்.

மயக்கத்தில் கண்டதை அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நம்பாமலே அத்தனை நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார் என்றால், அவர் மீதான என் மரியாதை இன்னும் கூடும்.