காப்புக் கட்டிய கையோடு

கறுப்பு மார்க்கர் பேனாவால் என் இடது கையில் நாற்பத்தேழு என்று எழுதினாள் போட்டிக்குப் பெயர் சரிபார்க்கிற பெண். விடிந்தும் விடியாத நேரம். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரி வளாகம். எண்ணுக்குச் சற்றுக் கீழே, மணிக்கட்டில், மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்புக் கயிறு இருந்தது. "ஆன்ட்டி, இது என்ன, கட்டு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற அக்கா முந்திக்கொண்டாள். "அது எங்க ஊரு அம்மா போட்ட நம்பரும்மா. இது நீ போடற நம்பரு. ரெண்டும் அது பாட்டுக்கு இருக்கட்டும்." அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் ஓரகத்தி. கணவரின் அண்ணன் மனைவி. ராயபுரத்தில் பிறந்து செம்பாக்கத்துக்கு வாழ வந்தவள். கனத்த உடம்பு, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆனால் வாய்க்கு மட்டும் மூச்சு வாங்கியதே இல்லை. அன்றைக்கே ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் பத்தொன்பது வருஷம் அவளோடு இருந்தாகிவிட்டது. எங்கள் மாமனாரிடம் அவள் நேருக்கு நேராகப் பேச மாட்டாள். மருமகள் பேசக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அதற்காகச் சும்மா இருப்பாளா? கையில் இருக்கிற காய்கறியிடம் பேசுவாள். மாமா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். இவள் சமையலறையில் கத்தரிக்காயைப் பார்த்து, "இன்னா கத்திரிக்கா, காலைலேர்ந்து உர்ருன்னு கீற?" என்பாள். கத்தரிக்காய்க்குச் சொன்னது யாருக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். மேடவாக்கம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறேன். அங்கே நீச்சல் குளம் உண்டு. பெண்பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் நிற்கிற ஆயாவுக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வருஷம் உத்தரவு போட்டார்கள். முப்பத்தொன்பது வயதில், பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, விளையாட்டு டீச்சர் எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தார். முதல் தடவை தலையைத் தண்ணீருக்குள் விட்டபோது அம்மன் பெயரைச் சொல்லித்தான் விட்டேன். பிறகு பயம் போய்விட்டது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏரிக்கரையில் நடந்தேன், நடந்தது ஓட்டமானது. மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா கிடந்தது, அதையும் எடுத்தேன். "மூணும் உங்களுக்கு வருது. ஒரு சின்னப் போட்டி இருக்கு, பேர் குடுத்துடட்டுமா?" என்று டீச்சர் கேட்டபோது தலையாட்டிவிட்டேன். நானூறு மீட்டர் நீச்சல், பத்துக் கிலோமீட்டர் சைக்கிள், இரண்டரைக் கிலோமீட்டர் ஓட்டம். ஒன்றை முடித்ததும் உட்காராமல் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்றையும் முடித்தால்தான் கணக்கில் சேரும்.

தேதியைக் கேட்காமல் தலையாட்டியதுதான் நான் செய்த தப்பு. அது ஆடி மாதத்தில் எங்கள் ஊர் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை. எட்டு நாள் முன்னாலேயே காப்புக் கட்டிவிடுவோம். கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். காப்பைக் கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும். செம்பாக்கத்தைச் சுற்றி எத்தனை அடுக்குமாடி வந்தாலும் பழைய குடும்பங்களில் இது இன்னும் மாறவில்லை. நான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து காப்புக் கட்டி, அண்டா முன் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கூழ் ஊற்றியிருக்கிறேன். அந்த இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டது.

விஷயம் தெரிந்ததும் மாமா கூடத்தில் நின்று சொன்னார்: "காப்பு கட்டின கையோட எல்லை தாண்டி, ஜனங்க நடுவுல குதிச்சு ஓடப்போறியா? போ. போயிட்டு வந்து கூழ் பானையில மட்டும் கை வைக்காதே." என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். சமையலறையில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏ கீரை, உனக்கு ஒரு நாயம் தெரியுமா? வூட்டு ஆம்பளைங்க காப்பு கட்டிகினு தெனம் மறைமலைநகர் கம்பெனிக்குப் போய்கினு வர்றாங்களே, அவங்களுக்கு மட்டும் அம்மா பாஸ் எய்திக் குட்த்துகீறாளா?" மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் ஒரு யோசனை மனசில் முள்ளாக நின்றுவிட்டது. போகாமல் இருந்தால், பெண்கள் போவதை அம்மன் விரும்பவில்லை என்று ஆகிவிடும். போய்த் தோற்றால், அம்மன் தண்டித்துவிட்டாள் என்பார்கள். இரண்டிலும் பழி அவள் தலையில். என் கால் தோற்றால் அது என் கால் தோற்றதாக இருக்கட்டும். கோயிலில் நின்று நான் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உன் பேரை இதில் இழுக்கிற மாதிரி ஆக விடாதே, நேரத்துக்குள் முடித்து வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவரும் லோடு ஆட்டோவை அக்காதான் பேசிவைத்திருந்தாள். பின்னால் சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு நான், காலி தக்காளிக் கூடை மேல் அக்கா. ஊர் எல்லையில் இருக்கும் சின்னக் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கற்பூரம் கொளுத்தினாள். "பதினோரு மணிக்குள்ள இட்டாந்து வுட்டுர்றேன்மா" என்று அம்மனிடம் சத்தமாகவே சொன்னாள்.

அங்கே போனால் வேறு தடை. குளத்துக்குப் பொறுப்பானவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "மஞ்சள் கரையும், தண்ணி கெட்டுடும். கயிற்றை அறுத்துட்டு இறங்குங்கம்மா" என்றார். அறுக்க மாட்டேன் சார் என்றேன். வீட்டில் இதைக் கட்டிக்கொண்டு போகாதே என்றார்கள், இங்கே இதைக் கட்டிக்கொண்டு இறங்காதே என்கிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, கோபத்தில். அக்கா தன் பையைத் துழாவிக் கழுவிய பால் கவர் ஒன்றை எடுத்தாள். அதில் குங்குமப் பொட்டலம் வைத்திருந்தாள். பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கவரின் அடிப்பக்கத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, கைக்கு உறை மாதிரி காப்பின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு போட்டாள். "இப்போ இன்னா சார்? பாலே ஒழுகாத கவரு, மஞ்சளா ஒழுகிடும்?" அவர் கவரை இழுத்துப் பார்த்தார். இறங்கச் சொல்லிவிட்டார்.

பால் ஒழுகாத கவர்தான். ஆனால் தண்ணீர் உள்ளே போனால் வெளியேயும் வராது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குளத்தைப் பதினாறு தடவை கடக்க வேண்டும். நாலாவது தடவையிலேயே மணிக்கட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதிவிட்டது. எட்டாவதில் தேங்காய் அளவு. கையை வீசினால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் நீந்தியவர்கள் எல்லாம் முடித்து ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்தாவதில் சுவரைப் பிடித்து நின்று, ரப்பர் பேண்டைப் பல்லால் அறுத்து, கவரை உருவி உடுப்புக்குள் செருகிக்கொண்டேன். பொறுப்பாளர் விசில் ஊதினார். "இன்னும் ஆறுதான் சார், முடிச்சுட்டு வந்து திட்டு வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டேன். மஞ்சள் கொஞ்சம் கரைந்திருக்கும், பொய் சொல்ல மாட்டேன். கடைசி ஆளாக ஏறி அவர் முன்னால் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "போங்கம்மா, நேரமாகுது" என்றார்.

அங்கே வந்திருந்த சைக்கிள்களில் என்னுடையது ஒன்றுதான் முன்னால் கூடை வைத்தது. முன்னால் போன இளம் பையன்கள் அதற்குள் திரும்பி, எதிரில் காற்றாய்க் கடந்து போனார்கள். மிதித்தேன். எதிர்காற்று, வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பத்துக் கிலோமீட்டர் முடித்து இறங்கும்போது கால் மரத்துப்போய், சைக்கிளோடு சேர்ந்து விழுந்தேன். வலது முட்டி சிராய்த்து ரத்தம் வழிந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கு வலி தெரியவில்லை, மாமாவின் முகம்தான் தெரிந்தது. எழுந்து ஓடினேன். எனக்குப் பின்னால் மோட்டார் பைக்கில் ஒரு தம்பி மெதுவாக வந்துகொண்டிருந்தான். கடைசி ஆளின் பின்னால் வருவதுதான் அவன் வேலை. "ரத்தம் வருதுக்கா, வண்டியில ஏறிக்கோங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றான். "உனக்குத் தெரியாது தம்பி, சொல்வாங்க" என்றேன். இறுதிக் கோட்டுக்குப் பக்கத்தில் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். அந்த உடம்போடு கடைசி இருபது அடி என்கூடவே ஓடி வந்தாள். நேரம் முடிய நாலு நிமிஷம் பாக்கி. நான்தான் கடைசி. ஆனால் கணக்கில் சேர்ந்தேன்.

பதினோரு மணிக்குக் கோயிலில் இருந்தோம். குளித்து, மஞ்சள் புடவை கட்டி, முட்டியில் மருந்து போட்டுத் துணி சுற்றியிருந்தேன். நொண்டுவதை மறைக்க முடியவில்லை. அண்டாவில் கூழ் நிறைந்திருந்தது, சொம்பும் தூக்கும் பிடித்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். நான் அகப்பையைத் தொடப்போனபோது மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாருங்க, போனதுக்கு அம்மா கால்ல காட்டிட்டா. அந்தக் கையால ஊத்தினா யாரு குடிப்பாங்க?"

அக்கா கையில் அன்றைக்குக் கீரையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக மாமாவின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "மாமா, வுயுந்தது அவ. எய்ந்து ஓடினதும் அவதான். வுயுந்தத்துக்கு அம்மாதான் காரணம்னா, எய்ந்து ஓட வெச்சது மட்டும் யாரு? அவ காப்பு அவுந்துச்சா? பொய்து சாய்ஞ்சி வந்தாளா? நேர்ந்துகினது அவளுக்கும் அம்மாவுக்கும். நடுவுல நாம யாரு?" சொல்லிவிட்டு வரிசையின் முன்னால் வந்து, தன் சொம்பை நீட்டினாள். "நான் குடிப்பேன். ஊத்துடி சின்னவளே."

ஊற்றினேன். அவசரத்தில் பாதி அவள் புடவையில் விழுந்தது. நின்ற இடத்திலேயே சொம்பு முழுக்கக் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றாள். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த சொம்பு நீண்டது. பிறகு அதற்கடுத்தது. மாமா கூழ் குடிக்காமல் வீட்டுக்குப் போனார். அதன் பிறகு எந்த ஆடியிலும் என் கையால் அவர் வாங்கியதில்லை.

அக்கா போன வருஷம் மாசியில் மாரடைப்பில் போய்விட்டாள். அந்த ஆடியில் வீட்டில் துக்கம், யாரும் காப்புக் கட்டவில்லை. இந்த ஆடியில் மறுபடி கட்டிக்கொண்டேன். போட்டி இந்தத் தடவையும் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. இந்தத் தடவை தேதி தெரிந்தே பெயர் கொடுத்தேன். எனக்காகப் பேச இனி ஆள் இல்லை என்று தெருவில் நினைத்திருப்பார்கள். நேற்று மாமா, கண் சரியாகத் தெரியாமல் சுவரைப் பிடித்து நடந்து வந்து, சமையலறை வாசலில் நின்று, "இந்த வருஷமும் போறியா?" என்று கேட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் நின்றேன்.

"போறேன் மாமா. பதினோரு மணிக்குக் கோயில்ல கூழ் ஊத்துவேன். உங்களுக்கும் சேர்த்துத்தான் காய்ச்சறேன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். வருவாரா மாட்டாரா, எனக்குத் தெரியாது. அது அவர் இஷ்டம். அண்டா முன்னால் நான் நிற்பேன்.