பெரட்டுக் களத்தில் பேசிய கதை

மேடைப் பேச்சு என்பது பாதி தொண்டை, பாதி முழங்கால். என்னைப் போல நடுங்கினவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடுக்கம்

ஊட்டியில் கல்லூரிப் பேச்சு மன்றத்தில் நான் சேர்ந்தது பரிசுக்காக இல்லை. பந்தலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. மேலே படிக்க பந்தலூர் போக வேண்டும். வழியெல்லாம் யானை, பஸ் கிடையாது. பெண்பிள்ளைகள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், தங்கிவிடுவார்கள், வளர்ந்ததும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார்கள். பந்தலூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள் நான் ஒருத்திதான், அத்தையும் இப்போது இல்லை. என் தங்கை செல்வி அந்த வருஷம் ஐந்தாவது.

எஸ்டேட் லாரி தினமும் காலையில் காலியாகத்தான் பந்தலூர் போகும். அதில் பிள்ளைகளை ஏற்றச் சொல்லி துரையிடம், அதாவது மேனேஜரிடம், யாராவது கேட்க வேண்டும். சிலோனிலிருந்து வந்த எங்கள் சனம் துரை முன்னால் வாய் திறக்காது. நான் கேட்கிறேன் என்று பேசிப் பழகக் கிளம்பினேன். முதல் நாள் மேடையை விட்டு இறங்கியதும் மன்றச் செயலாளர் கேட்டார்: "ஏனுங்க, பேசுனீங்களா, குளிருல நடுங்குனீங்களா?"

கதிரவன்

துரைக்கான பேச்சை விடுதி அறையில் மனப்பாடம் செய்தேன். எழுகின்ற கதிரவனை வணங்கி, மலைமகளை வணங்கி, கல்வியின் மேன்மை சொல்லி, கடைசியில்தான் லாரி வரும். அறைத்தோழி குன்னூர்க்காரி. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு முழுக்கக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்குது புள்ள. ஆனா லாரி வர்றதுக்குள்ள உங்க தொர ஊட்டுக்குப் போயிருவாரு."

பெரட்டு

கோடை விடுமுறையில் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். காலையில் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிக்கிற இடம். கதிரவனை விட்டுவிட்டு நேராக லாரியைக் கேட்டேன். குரல் நடுங்கவில்லை. துரை கூட்டத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் இது வேணுமா?" என்றார். ஒருவரும் பேசவில்லை. யாருக்கும் வேண்டாம் போல என்று ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று பக்கத்து லயத்து பார்வதி அக்காவிடம் சண்டைக்கே போனேன். அவர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "பெரட்டுல பேரு கூப்பிட்டாத்தானே புள்ள வாயத் தொறக்கிறது? எங்க பேர யாரு கூப்பிட்டா?"

பெயர்கள்

மறுநாள் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி, பெயர் கூப்பிடும் வேலையை வாங்கிக்கொண்டேன். துரை நின்றிருந்தார். "பார்வதி!" என்றேன். "இருக்கேன். என் மகள லாரியில ஏத்தணும்" என்றார் அக்கா. அடுத்த பெயர், அடுத்த பெயர் என்று எல்லோரும் அதையே சொன்னார்கள். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் அப்பா பெயர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. ஆனாலும் கூப்பிட்டேன். துரையை அதுவரை நிமிர்ந்தும் பார்க்காதவர் ஓரடி முன்னால் வந்தார். "இருக்கேங்க. மூத்தவ படிச்சதாலதான் இன்னைக்கு என் பேரு உங்க காதுல விழுது, சின்னவளும் படிக்கணுங்க."

ஜூன் மாதம் செல்வி லாரியில் பள்ளிக்கூடம் போனாள். கல்லூரி முடியும்வரை மூன்று வருஷம் மேடையேறியும் ஒரு கோப்பை வாங்காத நான், உருப்படியாகப் பேசியதென்றால் ஊரார் பெயரை வரிசையாகக் கூப்பிட்டது ஒன்றுதான்.