நீலப் புடவையைப் பரணில் போட்ட காலம்

என்னோடு சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபித்த தில்லி துவாரகா சபைக் குடும்பங்களுக்கு முதலில் என் நன்றி. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். எழுதும்போதே கண் நிறைகிறது.

கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. போன தசரா முடிந்ததும் ஒரு காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். கிருபா என்று பெயர் வைத்தோம். அவளுக்குத் தமிழ் தெரியாது, இந்திதான். அது பெரிய கஷ்டமாக இல்லை. தில்லியில் இத்தனை காலம் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிய இந்தி எனக்குக் கைகொடுத்தது.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. நான் விமான நிலையத்தில் ஒரு தனியார் கம்பெனியில் செக்-இன் கவுண்டரில் இருக்கிறேன். எங்களுக்கு யூனிஃபார்ம் நீலப் புடவை. கிருபா வளர்ந்த காப்பகத்தில் ஆயாக்களுக்கும் நீலப் புடவைதான். ஒருவர் ஷிஃப்ட் முடிந்து போவார், அடுத்தவர் வருவார். குழந்தைகள் எல்லாரையும் 'தீதி', அதாவது அக்கா, என்பார்கள். நான் வேலை முடிந்து அதே புடவையோடு வீட்டுக்குள் வந்தேன். அவளும் என்னைத் தீதி என்றாள். ராத்திரிச் சாப்பாடு ஊட்டி முடித்ததும் என் முகத்தைப் பார்த்து, "தீதி, ட்யூட்டி கதம்?" என்றாள். உங்கள் வேலை முடிந்ததா என்று கேட்கிறாள். பிறகு வாசல் கதவருகே போய் நின்றாள். அடுத்த தீதிக்காகக் காத்திருந்தாள்.

அடுப்படிக்குள் போய் அழுதேன். என் கணவர் செல்வின் பின்னாலேயே வந்தார். "நீ இப்படி அழுதா பிள்ள பயந்துரும்லா" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

அவளோடு கூடவே இருந்தால்தான் நான் போகிறவள் இல்லை என்பது அவளுக்குப் புரியும். அதற்கு லீவு வேண்டும். எங்கள் கம்பெனி விதியில் கைக்குழந்தையைத் தத்தெடுத்தால் மட்டும்தான் லீவு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மா எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ! எங்கள் மேனேஜர் சீமா மேடம் என் விண்ணப்பத்தை ஒரே வார்த்தையில் தள்ளினார். செல்வின் தன் லீவையெல்லாம் போட்டுத் தீர்த்தார். அதன்பிறகு பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ்ஷுக்குக் கிருபா போனாள். அங்கேயும் ஒரு தீதி. வேலையை விட்டுவிடலாம் என்றால் ஒரு சம்பளத்தில் தில்லியில் குடும்பம் ஓடாது.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஆண்டவரே, அந்த சீமா மேடத்தை எங்கேயாவது கண்காணாத ஊருக்கு மாற்றிவிடும்" என்று சத்தமாகவே ஜெபித்தேன். பக்கத்தில் இருந்த எஸ்தர் அக்கா கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஏட்டி, இது என்ன ஜெபம்? அந்தம்மாவ ஆசீர்வதியும்னு கேளு" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மனதார இல்லை. அதையும் ஆண்டவர் கேட்டார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நவம்பரில் புகைமூட்டம் அதிகமாகி கிரஷ்ஷை மூடிவிட்டார்கள். செல்வின் ஆபீஸ் வேலையாக லக்னோ போயிருந்தார். வேறு வழியில்லாமல் கிருபாவையும் கூட்டிக்கொண்டு டெர்மினலுக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆபீஸுக்குப் போனேன். அன்றைக்கு விடுப்பு கேட்பது, கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்ற முடிவோடு போனேன்.

சீமா மேடமும் நீலப் புடவையில் இருந்தார். கிருபா அவரைப் பார்த்தாள். என் கையை விட்டாள். தன் குட்டிப் பையைத் தானே எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அப் ஆப்கீ ட்யூட்டி ஹை?" என்றாள். இனி உங்கள் ட்யூட்டியா என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பை தீதி" என்று கை அசைத்தாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வேத வசனங்கள் எத்தனையோ மனப்பாடமாகத் தெரியும் எனக்கு. அந்த நிமிடம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "இயேசுவே" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

சீமா மேடம், "யே க்யா கஹ் ரஹீ ஹை?" என்றார். இவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. காப்பகத்தில் ஆயாக்கள் மாறுவதை எல்லாம் சொன்னேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லி, கிருபாவைத் தூக்கி என் மடியில் வைத்தார். நான் இருக்கும்போதே தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். அவர் இந்தியில் கத்தியதைத் தமிழில் சொல்கிறேன்: "குழந்தைக்கு மூணு வயசுதான், ஒத்துக்கறேன். ஆனா இவ புது அம்மா சார்! அத எந்த விதியில எழுதுவீங்க?"

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கைக்குழந்தைக்கு எத்தனை மாதமோ அத்தனை மாதம், சம்பளத்தோடு லீவு. ஸ்தோத்திரம்! யாரை ஊரைவிட்டு அனுப்பச் சொல்லி மன்றாடினேனோ, அவரையே எனக்காகப் பேச வைத்தார் ஆண்டவர். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

அன்றே நீலப் புடவையை மடித்துப் பரணில் போட்டேன். பிறகு நைட்டியும் நானும்தான். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. தோசை சுட்டேன், தலை பின்னினேன், மொட்டை மாடியில் வெயில் காய்ந்தோம். ராத்திரியானால் அவள் கதவருகே போவாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். யாரும் வரமாட்டார்கள். தூங்கிவிடுவாள். காலையில் கண் விழிக்கும்போதும் நானே இருப்பேன். குளிர் விட்ட ஒரு ராத்திரி அவள் கதவுப் பக்கமே போகவில்லை. "அம்மா, தூக்கு" என்றாள். தமிழில்! செல்வின் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

லீவு முடிந்து மறுபடியும் அந்தப் புடவையைக் கட்டிய காலையில் பிள்ளை முன்னால் போய் நின்றேன். கிருபா மேலும் கீழும் பார்த்தாள். என் அடையாள அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். "அம்மா, ட்யூட்டி கதம் ஆனா ஜல்தி வா" என்றாள். வேலை முடிந்ததும் சீக்கிரம் வா என்கிறாள்.

இப்போதெல்லாம் வீட்டு ஜெபத்தில் சீமா மேடத்தின் பெயரை மனதாரச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது கதவு மூடியே கிடந்தால் சோர்ந்துபோகாதீர்கள். அழகாக ஜெபிக்கத் தெரியவில்லையா, கோபமாகவே ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். வெள்ளிக்கிழமை வாருங்கள், சேர்ந்தே கேட்போம். ஆனால் சாயங்காலமே முடித்துவிட வேண்டும். என் வீட்டுக் கதவருகே இப்போதும் ஒருத்தி நிற்கிறாள், எனக்காக.