பிரிக்கக் கூடாத கவர்

அண்ணி யாரிடம் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதன் ஒரு மூலையை விடமாட்டார். வங்கியானாலும் மருந்துக்கடையானாலும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் இழுப்பார், அண்ணியும் இழுப்பார். ஒரே வீட்டில் இருந்து எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணமான புதிதில், அண்ணனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜெண்ட் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அண்ணன் லாரி ஓட்டப் போனார். அண்ணி முன்னறையில் தையல் மெஷினைப் போட்டார். அவர் ஆஸ்பத்திரிச் சீருடை தைப்பார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் கட்டுவேன்.

அவர்களுடைய ஒரே மகள் நர்சிங் டிப்ளமா முடித்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஐரோப்பாவில் மேலே படிக்க ஆசை. இங்கே படித்த படிப்பு அங்கே செல்லும் என்று அந்த நாட்டு அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் சீட்டு. சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்தபோது அண்ணி மொழிபெயர்ப்பாளர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கூடவே எழுந்தார்.

கடைசியில் அவள் படித்த கல்லூரியிலிருந்து அந்தக் கவர் வந்தது. உள்ளே மதிப்பெண்களும், எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தாள் என்ற விவரமும். ஒட்டிய இடத்தின்மேல் கல்லூரி முத்திரை. பிரிக்காமல் அப்படியே அந்த நாட்டு அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

"அலமாரியில வெச்சிருக்கேன். நாளைக்கு அனுப்பணும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு மகள் டியூட்டிக்குப் போனாள். யாரைச் சொன்னாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அண்ணி கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பிரிக்கக் கூடாதுன்னா என்ன அர்த்தம்? நாம பாக்கக் கூடாதது ஏதோ உள்ள இருக்குன்னுதானே?"

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"நிஜப் பேயை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பாஸ்போர்ட்டைத் தூக்கிக் குடுத்தது யாரு?"

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு லாரிக்குக் கிளம்பிவிட்டார்.

"வேண்டாம் அண்ணி" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"துணி வாங்கினாலே விரிச்சுப் பாக்குறோம். இது பொண்ணோட வாழ்க்கை. வேற எவளோட மார்க்கையாவது மாத்தி வெச்சிருந்தா?"

இஸ்திரிப் பெட்டியை இளஞ்சூட்டில் வைத்துப் பசையை இளக்கினார். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிசகில்லை. அண்ணியின் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம். திரும்ப ஒட்டினார். ஆனால் முத்திரை வட்டத்தின் மேல்பாதி கீழ்ப்பாதியோடு சேராமல் ஒரு நூல் விலகி நின்றது.

வீடு திரும்பிய மகள் அதைத்தான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லம்மா?" என்றாள்.

வேறு கவர் கேட்டு மூவரும் கல்லூரிக்குப் போனோம். கிளார்க் பழைய கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த மார்க்கை மாத்தப் பாத்தீங்க?"

"பிரிச்சது நான் சார். அவளுக்கு எதுவும் தெரியாது."

"மாட்டிக்கிட்ட பிள்ளைங்களோட அம்மாங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

அண்ணியை அப்படி ஒருவர் மேலும் கீழும் பார்த்து நான் கண்டதில்லை. அண்ணிக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, விளக்கம் எழுதி வாங்கி, முதல்வர் கையெழுத்துப் போடுவதற்குள் அந்த வருஷச் சேர்க்கைக்கான கடைசி நாள் தாண்டிவிட்டது. இந்த முறை கவரை எங்கள் கையில் கொடுக்காமல் கல்லூரியே நேராக அனுப்பியது.

"அனுப்பினாங்கன்னு யாரு பாத்தா?" என்று அண்ணி மெஷினைப் பார்த்துக் கேட்டார்.

டிப்ளமா செல்லும் என்று போன மாதம் பதில் வந்துவிட்டது. மகள் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பதிலை அவள் போனில் காட்டினாள். அசலை அண்ணி இன்னும் பார்க்கவில்லை. காகிதங்கள் எதுவும் இப்போது வீட்டில் இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரியில் அவளுடைய லாக்கரில் இருக்கின்றன.