ஒரு தெருவுக்கே சர்க்கரை!

போன வாரம் ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், பொதுச் சுகாதாரம், சமூகவியல் ஆராய்ச்சிகளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். என் சிநேகிதி சுலோசனாவுக்கும் ஒன்று. சமூகவியல் பேராசிரியை. காலேஜில் நானும் அவளும் ஒரே பெஞ்ச்.

மைக்கைப் பிடித்தவள் எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "நான் பண்ணின தப்புக்குத்தான் இந்தப் பரிசு."

கைதட்டத் தயாரானவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. அந்தத் தப்பு வெளியான அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு அடித்த ஷாக் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

விஷயம் இதுதான்…

செங்கல்பட்டுப் பக்கம், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிராமம். பெயர் வேண்டாம், பாவம், ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்த நேரம். அதுவரை நடவுக்கும் களையெடுக்கவும் போன பெண்கள், விடிந்தும் விடியாததுமாக வேன் ஏறி வேலைக்குப் போனார்கள். பிழைப்பு மாறினால் உடம்பு எப்படி மாறுகிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் சுலோசனாவும் மருத்துவப் பிரிவும் சேர்ந்து அங்கே ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதல் கட்டமாக, பெண்களுக்கு ஆளுக்கொரு குட்டி பாட்டில். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். (டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.)

பாட்டில்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன. சோதித்தால்… ஒன்றிரண்டு பேர் தவிர அத்தனை பெண்களுக்கும் சர்க்கரை!

"பயங்கரம்டி! இப்படி ஒரு தெருவை நான் பார்த்ததே இல்லை" என்று சுலோசனா போனில் படபடத்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் செய்தி காத்திருக்குமா? ரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிப்பதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. டீயில் சர்க்கரை நின்றது. ஒரு வீட்டில் பிறந்தநாளுக்கு உப்புமா கிண்டினார்கள். கேளம்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள், "அந்தத் தெருவா?" என்று இழுத்து, வராமலே இருந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்க நாள் குறித்தார்கள். "நீயும் வாயேன், உன் பத்திக்கு மேட்டர் கிடைக்கும்" என்றாள் சுலோசனா. போனேன்.

அங்கேதான் தனத்தைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். தனி ஆள். அந்தத் தெருவுக்குத் தேர்தல் நடக்காமலே பொதுச் செயலாளர். எல்லார் வீட்டு ரேஷன் கார்டையும் வாங்கிக்கொண்டு போய் கெரசின் வாங்கி வருவது அவள். கரண்ட் பில் கட்டுவது அவள். தண்ணீர் லாரி வந்தால் தெருவின் குடங்களையெல்லாம் வரிசையில் வைப்பதும் அவளே. ஓட்டு ஒன்றைத்தான் அவரவரே போட்டார்கள் போலிருக்கிறது!

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டி எல்லாரையும் வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"காலில் என்ன தனம்?"

"செருப்பு கட்சிட்ச்சுக்கா. அத வுடு, நீ உக்காரு."

நர்ஸ் ஒவ்வொரு விரலாகக் குத்தி, கையடக்க மிஷினில் ரத்தத்தைப் பார்த்தார். முதல் பெண்ணுக்கு நார்மல். அடுத்தவளுக்கும் நார்மல். அதற்கடுத்தவளுக்கும்! சுலோசனாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. மிஷின்தான் கோளாறோ என்று வேறு மிஷின் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் நார்மல்தான்.

கடைசியாக, "எனுக்கு இன்னாத்துக்கு? நான் நல்லாத்தானே கீறேன்" என்று நழுவிய தனத்தைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

மிஷினில் எண்ணே வரவில்லை. 'ஹை' என்று எழுத்து வந்தது.

"இதுக்கு மேல இதுக்கு எண்ணத் தெரியாது மேடம்" என்றார் நர்ஸ், மெல்லிய குரலில்.

சுலோசனா நிமிர்ந்து பெண்களைப் பார்த்தாள். "அன்னைக்கு அந்த பாட்டிலையெல்லாம் யாரு ரொப்பினது?"

ஆளாளுக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தனம்தான் பேசினாள்.

"நாந்தான் மேடம். இதுங்களுக்குக் காலைல வேனு வந்துரும். அந்தக் கருமத்தக் கையில புட்ச்சிகினு தெருவுல நடக்க வெக்கம் வேற. வூட்டுக்கு வூடு பாட்டில வாங்கியாந்து நானே ரொப்பிக் குட்த்துட்டேன். கெரசின் வாங்கியாரல? அது மாறிதான்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா நான்? "அத்தனை பாட்டிலையும் எப்படி தனம்…?"

"அதுக்கின்னாக்கா பஞ்சம்? எனுக்குத்தான் ராவெல்லாம் போய்கினே கீதே!"

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. தங்களுக்குச் சர்க்கரை இல்லை என்ற சந்தோஷம் வேறு. நானும் சிரித்தேன். நர்ஸ் சிரிக்கவில்லை. குனிந்து தனத்தின் காலில் இருந்த துணியை அவிழ்த்தார்.

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். கட்டைவிரல் கறுத்துப் போயிருந்தது.

"வலிக்கலையா தனம்?"

"வலியே இல்லக்கா. அதான் வுட்டுட்டேன்."

அவளைப் பல்கலைக்கழக ஜீப்பிலேயே ஏற்றிச் செங்கல்பட்டு ஜி.ஹெச்சுக்குக் கொண்டு போனோம். விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டர்.

என்னை உறுத்தியது எது தெரியுமா? ராத்திரியெல்லாம் ஓயாமல் ஒன்றுக்குப் போவதே சர்க்கரை வியாதியின் அறிகுறி. அந்த வியாதியை வைத்தே அவள் தெருவுக்கு உபகாரம் செய்திருக்கிறாள்! தெருவே சர்க்கரைத் தெரு என்று ஆனதில், அவளும் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிட்டாள். ஊரே பாயசத்தை நிறுத்திவிட்டுப் பயந்து கிடந்தபோது, நொண்டிக்கொண்டே நடந்தவளின் காலை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. படித்தவர்கள், படிக்காதவர்கள், எல்லாரும்தான்.

"முதல் ரிசல்ட்டைத் தூக்கிக் குப்பையில போடு, வெளியே சொல்லாதே" என்று சுலோசனாவுக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. அவள் கேட்கவில்லை. பாட்டில் கைமாறிய கதையை, வேன் நேரத்தை, பெண்களின் வெட்கத்தை, தன் அவசரத்தை… எல்லாவற்றையும் அப்படியே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினாள். இப்போது அவர்கள் குழு எந்த ஊருக்குப் போனாலும், முதலில் வேன் எத்தனை மணிக்கு வருகிறது என்றுதான் விசாரிக்கிறது. பாட்டிலை வீட்டு வாசலுக்கே போய் வாங்கிக்கொள்கிறார்கள். கேடயம் அதற்குத்தான்.

விழாவுக்குத் தனமும் வந்திருந்தாள். முன்வரிசையில், பட்டுப்புடவையில். காலுக்குத் தனியாகச் செய்த செருப்பு. இப்போது அவளுக்குத் தினமும் இன்சுலின். தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு, வேன் வருவதற்கு முன்னால் வந்து போட்டுவிட்டுப் போகிறார்களாம். ரேஷன் கடைக்கும் அவர்களே போகிறார்களாம்.

"பரவாயில்லையே தனம், உனக்காக இப்போ தெருவே வேலை செய்யுதே!" என்றேன்.

"எல்லாம் செய்துங்கக்கா. இன்னா பிரயோஜனம்?" புடவையை விலக்கி, ஊசி குத்திக் குத்தித் தடித்த இடத்தைத் தடவிக் காட்டினாள். "அன்னிக்கு அத்தினி பேருக்கும் நான் ரொப்பிக் குட்த்தேன். எனுக்குப் பதிலா இந்த ஊசிய ஒருத்தி போட்டுக்க முடியலியே!"

ஆகவே, மகா ஜனங்களே… உங்கள் பாட்டிலை நீங்களே நிரப்புங்கள்.