டீச்சருக்கு வராத எழுத்து

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லித்தரும் டீச்சருக்கு 'ழ' வராது. சத்தியமாக வராது. பிறந்ததிலிருந்தே அவர் நாக்குக்கும் அந்த எழுத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதை மறைக்க அவர் செய்கிற தில்லுமுல்லு கொஞ்சநஞ்சமல்ல. வாழைப்பழம் வாங்கப் போனால், "அந்தா மஞ்சளா தொங்குதே, அதுல ஒரு சீப்பு குடுங்க" என்பார். மழை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டினாலும் அவருக்கு அது தூறல்தான். மகளுக்குக் கணவர் ஆசையாகத் தேர்ந்தெடுத்த பெயரில் அந்த எழுத்து இருந்ததால் வீட்டில் பெரிய சண்டை. "பெத்தவளே கூப்பிட முடியாத பேரு எதுக்குங்க?"

வகுப்பில் தப்பிக்க முடியுமா? கரும்பலகையில் பெரிய நாக்கு ஒன்றை வரைந்து, நுனியை எங்கே மடிக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவார். பிறகு, "நான் வேணும்னே தப்பா சொல்வேன், நீங்க திருத்தணும்" என்பார். வேணும்னேவாம்! அவர் "மளை" என்றால் பிள்ளைகள் "மழை!" என்று கத்துவார்கள். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் என் காது கிழியும்.

யாரோ ஒரு பெற்றோர் போட்டுக்கொடுத்துவிட்டார். தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "நாளைக்கு ஆய்வாளர் வர்றார். அவருக்குப் பிடிக்கலேன்னா தமிழ் வகுப்பைக் கணக்கு சார்கிட்ட குடுத்துடுவேன்."

கணக்கு நடத்தவே எனக்கு நாக்கு தள்ளுகிறது. டீச்சருக்கோ அந்தப் பிள்ளைகள்தான் உயிர். முகம் சுண்டிப்போய் வெளியே வந்தார். பாவமாக இருந்தது.

மறுநாள் நானும் கதவோரம் நின்றேன். டீச்சர் வியர்க்க விறுவிறுக்க, "பளம்" என்றார்.

"பழம்!"

"கிளவி."

"கிழவி!"

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடே, நல்ல முறையா இருக்கே! எங்க, நீங்க ஒரு தடவை சரியா சொல்லுங்க, கேப்போம்."

டீச்சர் கரும்பலகையில் வரைந்திருந்த நாக்கைத் திரும்பிப் பார்த்தார். முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர் சொல்ல மாட்டாங்க சார். சரியா சொல்றது எங்க வேலை."

ஆய்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து டீச்சருக்குக் கை கூப்பினார். "ரொம்ப மகிள்ச்சி டீச்சர். இந்த வகுப்பு உங்ககிட்டயே இருக்கட்டும்."

"மகிழ்ச்சி!" என்று மொத்த வகுப்பும் அவர் முகத்துக்கு நேரே கத்தியது.

தலைமையாசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். ஆய்வாளர் இன்னொரு முறை முயன்றார். மறுபடியும் "மகிள்ச்சி"தான் வந்தது. டீச்சர் பிரம்பை எடுத்துக் கரும்பலகையில் இருந்த நாக்கின் மேல் வைத்தார்.

"நுனியை இன்னும் கொஞ்சம் உள்ள மடிங்க சார். வந்துடும்."